கூடத்துக்கு ஒரு பச்சை

ஜூன் 2

கூடத்துக்குப் பச்சைதான் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. எந்தப் பச்சை என்பதில்தான் பேச்சு ஓடுகிறது. கிளிப்பச்சை வேண்டாம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிப் பச்சை ஆகாது. சாம்பல் லேசாகக் கலந்து, கண்ணை உறுத்தாத இளம்பச்சையாக இருக்க வேண்டும்.

ஷேட் கார்டை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கார்டில் ஒவ்வொரு நிறமும் தீப்பெட்டி அளவுக் கட்டம், சுற்றிலும் வெள்ளைக் காகிதம். கும்பகோணத்து வீட்டில் சுவரைச் சுற்றி இருப்பதோ ரெட் ஆக்சைடு தரையும் தேக்குக் கதவும். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பச்சையும் தன் அளவுக்கு மேல் பச்சையாகத் தெரியும். பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார்.

ஜூன் 4

சாம்பிள் டப்பாக்கள் வாங்கி வந்தோம். பழைய சுவரில் நேரடியாக அடிக்கவில்லை. அங்கே இருக்கும் மஞ்சள் டிஸ்டெம்பர் நடுவே எந்தப் பச்சையும் சரியாகத் தெரியாது. பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்தோம். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும். அதிலுள்ள பிசின் ஈரமாக இருக்கும்வரை பால்போல இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடும். அப்போது நிறம் ஒரு படி அடர்த்தியாகும். அதனால் நன்றாகக் காயும்வரை யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு.

ஜூன் 5

அட்டைகளைத் தரையைத் தொடும்படி சுவரில் சாய்த்து வைத்து நாள் முழுக்கப் பார்த்தோம். காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் நேராகத் தரையில் விழுகிறது. தரை அந்த வெளிச்சத்தைச் சிவப்பாக்கிச் சுவரின் கீழ்ப்பாதியில் வீசுகிறது. சாம்பல் அதிகமுள்ள பச்சை, கார்டில் எல்லோருக்கும் பிடித்தது, அந்த நேரத்தில் களிமண் நிறத்துக்குப் போய்விட்டது. அதைவிடக் கொஞ்சம் தெளிவான பச்சை, கடையில் 'ரொம்பப் பச்சையா இருக்கே' என்று ஒதுக்கியது, இங்கே அடங்கி அழகாக நின்றது. வெயில் நகர்ந்த பிறகும் நிறம் எகிறவில்லை.

ராத்திரி விளக்கைப் போட்டோம். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) டியூப்லைட்டில் எல்லாமே நீலம் தட்டி, அம்மா பயந்த ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 3000 கெல்வின் பல்பில் அதே அட்டை வேப்பங்கொழுந்து போல இதமாக இருந்தது. சரி, டியூப்லைட்டை மாற்றிவிடலாம்.

ஜூன் 8

பெயிண்டர் அண்ணன் வந்தார். "கலர் அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல சொவத்தச் சொரண்டணும்" என்றார். சுவர் அவர் இஷ்டம். ஜன்னல்களின் பழைய பெயிண்டைத் தண்ணீர் தொடாமல் உலர்வாகத் தேய்க்க மட்டும் நான் விடவில்லை. அந்தக் காலத்துப் பச்சை எனாமலில் லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சளும் நீலமும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அக்கா குழந்தை தவழும் வீடு, ஈயத் தூசி பறக்கக்கூடாது. தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடச் சொல்லி, கீழே பிளாஸ்டிக் தாள் விரித்தோம். அண்ணனுக்கும் மாஸ்க் கொடுத்தேன். முதலில் தயங்கினார், அப்புறம் மாட்டிக்கொண்டார்.

ஜூன் 13

பட்டி, பிரைமர் முடிந்தது. தெளிவான பச்சையே முடிவு. பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ். பழைய சுவரின் மேடு பள்ளத்தைப் பளபளப்பு அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கூரைக்கு வெள்ளை. கூடத்துக்கு வேண்டிய பெயிண்ட் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கச் சொன்னேன். மெஷின் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா மெல்லிய வித்தியாசம் வரலாம் என்பதால், அண்ணன் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிக்கொண்டார்.

ஜூன் 16

இரண்டாவது கோட்டும் காய்ந்தது. அம்மா கூடத்திலேயே காய் நறுக்குகிறாள். இதே பச்சையைச் சமையலறைக்கும் கேட்கிறாள். அங்கே மேற்கு வெயில், சிமெண்ட் தரை, எண்ணெய்ப் புகை. கழுவித் துடைக்கும் ரகத்தில்தான் வாங்க வேண்டும். நாளைக்கு அட்டைகளை அங்கே சாய்த்து வைக்கப்போகிறேன்.