முழந்தாளில் போன தூரம்

என் இதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால், வேளாங்கண்ணியில் மாதா காட்சி தந்த இடமான மாதா குளம் வரை தன் மகன் முழந்தாளிட்டு வருவான் என்று அம்மா 2011ஆம் ஆண்டு நேர்ந்துகொண்டார். அம்மா இறந்த பிறகும் அந்த நேர்ச்சை கிடப்பிலேயே கிடந்ததற்கு வேலைப்பளுதான் காரணம் என்று வெளியில் சொல்லிவந்தேன். உள்ளபடி, அது வெட்கம். மேலாளர் நாற்காலியில் இருந்தவன் மணலில் தவழ்வதை நாலு பேர் பார்ப்பதா?

கொடியேறும் ஆகஸ்ட் 29க்கும் மாதாவின் பிறப்புப் பெருவிழாவான செப்டம்பர் 8க்கும் இடையில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அஞ்சி, பிப்ரவரியில், அதுவும் விடியுமுன்பே முடித்துவிடத் திட்டமிட்டேன். பேருந்து நிலையத்தில் ஒட்டிக்கொண்ட அறைத் தரகர் ஒருவர் மூன்று விடுதிகளுக்கு அலைக்கழித்து, கடைசியில் சொன்ன வாடகையைப்போல் இருமடங்கு கேட்டு அந்தத் திட்டத்தைக் கெடுத்தார். நான் மணலில் முழந்தாளிட்டபோது வெயில் ஏறிவிட்டது. பார்க்க ஆட்களும் நிறைய இருந்தார்கள்.

பாதி வழியில் வலது முழங்கால் தோல் உரிந்து, மணல் ஒட்டி எரிய, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, தன் முழங்காலுக்கடியில் மாற்றி மாற்றிப் போட்டுவந்த இரண்டு துணிகளில் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "கைய ஊனிக்கிட்டு வாங்க தம்பி, எனக்கு இது நாலாவது தடவ" என்றார். கருவாட்டு வாடை வீசிய ஈரத்துணி; வேறொரு நாளாயிருந்தால் தொட்டிருக்கமாட்டேன். அன்று இரு கையாலும் வாங்கிக்கொண்டேன். பால் கொண்டுபோன ஏழைச் சிறுவனிடம், கைக்குழந்தையோடு வந்து, தன் மகனுக்காகப் பால் கேட்ட தாயல்லவா அங்கே இருப்பவள்! கேட்டு வாங்க அவளுக்கில்லாத கூச்சம் எனக்கெதற்கு?

மாதா குளத்து ஆலயத்தில், சட்டைப்பையில் எழுதி வைத்திருந்த விண்ணப்பங்கள் நினைவுக்கே வரவில்லை. மதில்சுவர் வழக்கில் என் தம்பி தோற்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. மனத்தாழ்மையுள்ள தம்மிடம் கற்றுக்கொள்பவரின் உள்ளம் இளைப்பாறும் என்று ஆண்டவர் சொன்னதை எத்தனை திருப்பலிகளில் கேட்டிருப்பேன்! முழங்கால் எரிய எரிய, நெஞ்சுக்குள் அப்படியொரு அமைதி. "அம்மா, வந்துட்டேன்" என்பதற்குமேல் எதுவும் சொல்ல வரவில்லை. எந்த அம்மாவிடம் சொன்னேன் என்றும் தெரியவில்லை. மரியே வாழ்க! நன்றி தாயே, நன்றி.

வெளியே வந்து குளத்துத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துக்கொண்டேன். ஒன்று தம்பி வீட்டுக்கு.