ரயில் நிலையமெல்லாம் சொல்லுவான், மதியம் சாப்பிட்டதைச் சொல்ல மாட்டான்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க விண்ணப்பித்தபோது, "இவ்வளவு ஞாபகசக்தி இருக்கிற பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பாங்க?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ரயில் நிலையங்களை முன்னும் பின்னுமாகச் சொல்லுவான். தாத்தா எந்தத் தேதியில் வந்தார், அன்றைக்கு என்ன கிழமை, எல்லாம் சரியாக வரும். பள்ளியில் மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மட்டும் பதிலே இருக்காது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பீடு செய்தார்கள். ஆட்டிசம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் அது. நம் நாட்டிலேயே உருவாக்கியது. 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். முகம் பார்த்துப் பேசுகிறானா, சொன்னதையே திரும்பச் சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டே வந்த உளவியலாளர், கடைசிப் பகுதியில் 'வழக்கத்துக்கு மாறான ஞாபகசக்தி உண்டா?' என்றார். ஊரே மெச்சுகிற அந்த ஞாபகம் மதிப்பெண்ணைக் கூட்டத்தான் செய்தது!

பிறகு அவனிடமே கேட்டார்: "காலைல என்னடா கண்ணா நடந்துச்சு?" மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். "பஸ்ல வந்தியா, ஆட்டோல வந்தியா?" "ஆட்டோ" என்றவன் வண்டி நம்பரையும் முழுசாகச் சொன்னான்.

"பதிஞ்சிருக்கும்மா. பொதுவா கேட்டா அவனால எடுத்துச் சொல்ல முடியலை. ஏதாவது ஒரு குறிப்பு கொடுத்துக் கேளுங்க" என்றார் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள பலருக்கும் இப்படித்தானாம். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் தடுமாறுவதும் பல பிள்ளைகளிடம் உண்டு என்றார்.

மிதமானது என்று சான்றிதழ் வந்தது, பின்னால் அட்டையும் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்த அறிவுரைதான். வகுப்பு ஆசிரியை மதிய வேளையில் ஒரு போட்டோ அனுப்புகிறார். அதைக் காட்டியதும், "தயிர் சாதம். மிளகாய் இருந்துச்சு. அழுதேன்" என்கிறான். பிள்ளை அழுததே எனக்கு அப்போதுதான் தெரிகிறது.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் குழந்தையின் திறமைகளை மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வருகிறது, எதற்கு வரவில்லை என்று முன்கூட்டியே எழுதி எடுத்துப்போங்கள். வீட்டில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்காமல் போகலாம்.