தபால் சீட்டில் 31 டாலர்

கடைக்காரர் பெட்டியை மேசையில் வைத்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த தபால் சீட்டைத்தான் பார்த்தார்.

31 டாலர்.

இணைய ஏலத்தில் விற்றவர் அனுப்பும் செலவு என்று வாங்கியது 85.

இங்கே டெக்சாஸில், வெளி மாநிலத்தில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் வரும். கடைக்காரருக்குத் தனிக் கட்டணம். அதையும் கொடுத்தார்.

பெட்டி, காப்பீடு, அலைச்சல் எல்லாம் செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மேலே 54 டாலரா? உள்ளே அடைத்திருந்தது கசங்கிய பழைய செய்தித்தாள்.

விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு அனுப்பும் செலவில் பிடுங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பேனாக்கத்தியால் அந்தச் சீட்டை அட்டையோடு அறுத்தெடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.