கப்பலை விட்டு இறங்கி நாலு நாள்

சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா போய்விட்டு ஊர் வந்து சேர்ந்து இன்றோடு ஐந்தாவது நாள். ஊறவைத்த துணி இன்னும் பாதி அலசவில்லை, கடையில் பதினாலு ரவிக்கை தைக்கக் கிடக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் போனால் கோபமும் ஆறிவிடும், ருசியும் மறந்துவிடும். கப்பல் சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் ஏறுகிற கதையைத்தான் சொல்கிறார்கள். மேல்தளத்து நீச்சல் குளம், ராத்திரிப் பாட்டு, விதவிதமான சாப்பாடு. இறங்குகிற கதையை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எங்களைப் பாடாய்ப் படுத்தியது கடைசி ராத்திரியும் மறுநாள் பகலும்தான், அதனால் அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் காசு விவரம். நான், வீட்டுக்காரர், பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள், என் அம்மா, ஆக நாலு பேர். இரண்டு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, இருபது மாதம். எட்டாவது மாதத்திலேயே இருபத்தாறாயிரம் தள்ளி எடுத்தேன், கைக்கு வந்தது 1,74,000. அது முழுதும் போய், மேலே ஒரு இருபதாயிரமும் போனது. இன்னும் பன்னிரண்டு மாதம் சீட்டு கட்ட வேண்டும். ஜன்னல் இல்லாத உள்பக்கத்து அறைதான் எடுத்தோம், அதுவே போதும், ராத்திரி தூங்குவதற்கு மட்டும்தான் அந்த அறைக்குப் போனோம்.

இவ்வளவு செலவு எதற்கு என்று எங்கள் மைனி கேட்டார். அம்மாவுக்காகத்தான். அம்மாவைப் பெற்ற தாத்தா வாலிபத்தில் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு பலசரக்குக் கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினவர். அவர் சொன்ன கப்பல் கதையைக் கேட்டே வளர்ந்த அம்மாவுக்கு, சாகுமுன் ஒரு தடவை கப்பலில் இலங்கைக்குப் போக வேண்டும் என்று ஆசை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் திரும்பவும் பயணிகள் கப்பல் விட்டார்கள். மகள் அப்போது கைக்குழந்தை, அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்த நவம்பரிலேயே நின்றுபோனது. எனக்கு இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரன் கம்பெனியோடு மல்லுக்கு நின்று கப்பல் ஓட்டிய தூத்துக்குடி எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். அதை விட்டுவிட்டு, இந்தச் சுற்றுலாக் கப்பலுக்காக அறுநூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே சென்னைக்குப் போய் ஏறி, அங்கிருந்து தெற்கே இறங்கி இலங்கைக்கு வரவேண்டியிருந்தது. இது அநியாயம். ஆடம்பரக் கப்பல் வேண்டாம், உட்கார்ந்து போகிற கப்பல் ஒன்று தூத்துக்குடியிலிருந்து ஒழுங்காக ஓடினால் எங்கள் பக்கத்து ஜனம் நிறையப் போகும்.

சரி, பயணம். தென்னிலங்கையில் இருக்கிற அம்பாந்தோட்டையில் நாங்கள் இறங்கவில்லை, அம்மாவுக்குக் குமட்டல். திருகோணமலையில் கோணேசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம், பாறை உச்சியில் நின்று கீழே கடலைப் பார்த்தால் கால் கூசுகிறது. அப்புறம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. அங்கிருந்து வண்டி பிடித்து நல்லூர் முருகனைப் பார்த்துவிட்டு வரும்போது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டோமே, அதுதான் எனக்கு இந்தப் பயணம். கப்பலில் ஐந்து நாளும் நாற்பது வகை வைத்தார்கள், ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. இந்த இடியப்பம் சிவப்பரிசி மாவில் பிழிந்தது, தட்டையாக, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் போலச் சொதியை ஊற்றினார்கள். தேங்காய்ப்பால், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் புளிப்பு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல பாசிப்பருப்பு போடலையா?" என்று கேட்டாள். பரிமாறின அம்மாள் சிரித்துவிட்டார். "சொதிக்குள்ள ஆரும் பருப்புப் போடுவினமோ?" என்றவர், எங்கள் ஊர்ச் சொதி எப்படி என்று கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே பேர், ஒரே தேங்காய்ப்பால், நடுவில் ஒரு கடல். அரைமணி நேரம் அம்மாவும் அவரும் பேசியதைக் கேட்டுக்கொண்டே நான் ஒன்பது இடியப்பம் சாப்பிட்டேன். காசும் குறைவுதான் வாங்கினார்கள்.

கடைசி ராத்திரிக்கு வருகிறேன். மத்தியானமே அறைக்குள் ஒரு தாளும் ஒரே நிறத்தில் நாலு அட்டையும் வைத்துவிட்டார்கள். பெரிய பெட்டிகளில் அந்த அட்டையைக் கட்டி, ராத்திரி பதினோரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவர்கள் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், காலையில் துறைமுகக் கொட்டகையில் நிறம் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாமே இழுத்துக்கொண்டு இறங்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு கையில் இருப்பதுதான் நம் உடைமை. மாற்றுத்துணி, பல் துலக்குகிற சாமான், சார்ஜர், மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே கைப்பையில் எடுத்து வைத்துவிட வேண்டும். நாங்கள் பத்தே முக்காலுக்குப் பெட்டிகளை வெளியே வைத்தோம். பதினொன்றரைக்கு அம்மா படுக்கப்போகும்போது மாத்திரை டப்பாவைத் தேடுகிறாள், இல்லை. பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் பச்சைப் பெட்டிக்குள். கதவைத் திறந்தால் நடைபாதையில் ஒரு பெட்டிகூட இல்லை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நடுக்கடல், ராத்திரி, எந்தக் கடையில் போய் வாங்குவது? "ஏட்டி, ஒரு ராத்திரிதான, சவத்த விடு" என்று அம்மா சொன்னாள், ஆனால் அவள் முகம் சரியில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு, தள்ளுவண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். "அக்கா, திருநெல்வேலியா?" என்றான். நான் பாளையங்கோட்டை என்றேன். "நான் மணப்பாடு." ஐந்து நாளும் அந்த நடைபாதையில்தான் அவனைப் பார்த்திருக்கிறோம், இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்லியிருக்கிறோம். பெட்டியின் நிறத்தையும் அட்டை எண்ணையும் கேட்டுக்கொண்டு ஓடினான். கீழே கம்பிக் கூண்டுகளில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்களாம். பன்னிரண்டேகாலுக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு அவன் தலையில் கை வைத்தாள்.

அவனுக்கு ஒன்பது மாத ஒப்பந்தம், இது ஐந்தாவது மாதம். செப்டம்பரில் ஊரில் திருச்சிலுவைத் திருவிழா, போக முடியாது என்றான். "நாளைக்கு உங்களுக்கு லீவு முடியுது, எங்களுக்கு நாளைக்குத்தான் பெரிய வேலைக்கா" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் நாங்கள் இறங்க இறங்க ஒவ்வொரு அறையிலும் விரிப்பு மாற்றி, கழுவி, மத்தியானத்துக்குள் அடுத்த கூட்டத்தை ஏற்றி, சாயங்காலமே கப்பல் புறப்பட்டுவிடும். காலை எட்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லித் துரத்துகிறார்களே என்று நான் எரிச்சல்பட்டிருந்தேன். அந்த எரிச்சல் அங்கேயே போய்விட்டது. முன்கூட்டியே கட்டணத்தோடு வாங்கிக்கொள்ளும் சேவைக் கட்டணம் தவிர, கையில் இருந்ததில் ஆயிரம் ரூபாய் அவனுக்குக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான், அம்மா பையில் திணித்துவிட்டாள்.

விடியற்காலையில் கதவுக்கு அடியில் பில் கிடந்தது. நாங்கள் போகாத அம்பாந்தோட்டைச் சுற்றுலாவுக்குத் தலைக்கு 2,900, மொத்தம் 11,600 ரூபாய் போட்டிருந்தார்கள். முந்தின நாளே எழுதிக் கொடுத்து ரத்து செய்தது அது. ஆறரை மணிக்கு வரவேற்பு மேசைக்குப் போனால் எனக்கு முன்னால் அறுபது பேர், எல்லார் கையிலும் பில். ஒரு மணி பத்து நிமிஷம் நின்றேன். ரத்து செய்த சீட்டு எங்கே என்று கேட்டார்கள். நல்லவேளை, மகள் அதை அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். இல்லையென்றால் ஒரு மாதச் சீட்டுப் பணம் போயிருக்கும். போகிறவர்கள் தயவுசெய்து கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலமே கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அப்போது அந்த மேசையில் ஈ கூட இருக்காது.

அப்புறம் நிறம் நிறமாகக் கூப்பிட்டார்கள். எங்கள் நிறம் கடைசிக்கு முந்தினது. ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுகிற அட்டையைக் கடைசியாக ஒரு தடவை தட்டினோம், குடியேற்றம், சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பத்தே முக்கால்.

துறைமுக வாசலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள். எழும்பூருக்கு எழுநூறு ரூபாய்! ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். போன் ஆப்பில் நூற்றெழுபது காட்டுகிறது, ஆனால் பதிவு செய்ததும் வண்டிக்காரர் கூப்பிட்டு, துறைமுகம் என்று சொன்னதும் வைத்துவிடுகிறார். மூன்று பேர் இப்படி வைத்தார்கள். வெயிலில் அம்மாவை நிறுத்தி வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, கப்பலில் இருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் லட்சாதிபதி என்று நினைக்கிறார்கள். கடைசியில் வீட்டுக்காரர் சாலைவரை நடந்துபோய் ஓர் ஆட்டோவை முந்நூறுக்குப் பேசிக் கூட்டி வந்தார். நாலு பேர், நாலு பெட்டி, மகள் என் மடியில்.

பிற்பகல் வந்தே பாரத். ஆளுக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்து வந்தால் காசு மிச்சம்தான், ஆனால் ராத்திரி வரைக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு எழும்பூரில் எங்கே உட்காருவது? அந்தக் காசு தகும். ராத்திரி பத்தரை வாக்கில் திருநெல்வேலி வந்துவிட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். பல நாள் பழசுதான், ஆனாலும் தாமிரபரணித் தண்ணீர். கப்பலில் கடல்நீரைச் சுத்தம் செய்துதான் தருகிறார்கள், கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதில் ருசியே கிடையாது, காப்பி கூட வாயில் விளங்காது. செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனால் சுவர் மெதுவாக இடது பக்கம் சாய்கிறது. பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, வீடு ஆடுதே!"

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கிற டாக்டரிடம் கேட்டேன். கப்பலில் இருக்கும்போது மூளை அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி உடம்பைச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறது, தரைக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் உடனே போகாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். நாள் கணக்கில் நீடித்தால் காட்டச் சொன்னார். நடக்கும்போது தெரிவதில்லை, நின்றால், கண்ணை மூடினால் தெரிகிறது. வெள்ளிக்கிழமை கடையில் நின்றுகொண்டு துணி வெட்ட முடியவில்லை, உட்கார்ந்து பித்தான் மட்டும் தைத்தேன். அதற்குள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், பால்காரர் கணக்கு, கரண்ட் பில் கடைசி தேதி எல்லாம் வாசலில் காத்திருந்ததுபோல வந்து நின்றன. ஐந்து நாள் துணியும் உப்பு வாடை.

ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். அம்மா கேட்டாள் என்றுதான். இரண்டு தேங்காய் துருவி மூன்று பால் எடுத்தேன். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேகவிட்டு, வேகவைத்த பாசிப்பருப்பும் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்து ஊற்றி, கடைசியில் கெட்டியான முதல் பாலை விட்டு, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். இறக்கின பிறகுதான் எலுமிச்சம்பழம். கூட இஞ்சிப் பச்சடி. எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துச் சொதி இது. அம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டி கொடுக்கணும்" என்றாள். நல்லூர்க் கடைக்கார அம்மாளைச் சொல்கிறாளா, மணப்பாட்டுப் பையனையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

நேற்று, திங்கட்கிழமை சாயங்காலம், மிஷினில் ஒரு ரவிக்கைக்குக் கைக்குழி மூட்டிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. எழுந்து நின்று ஊசியில் நூல் கோக்கும்போதுதான் கவனித்தேன், தரை நின்றுவிட்டது. ஆட்டம் இல்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. உள்ளே போய் அம்மாவிடம், "எனக்குச் சரியாயிட்டும்மா" என்றேன்.

அம்மா வாசல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "எனக்கு இன்னும் லேசா ஆடுதுட்டி" என்றாள். டாக்டரிடம் போவோமா என்று கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.