1,180 கிராம் வாளும் ஆள்காட்டி விரலும்

பார்சலைப் பிரித்த கையோடு தராசில் வைத்தேன்: 1,180 கிராம். ரேப்பியர் (குத்துவதற்கான நீண்ட, ஒல்லி வாள்) இறகு மாதிரி இருக்கும் என்று சினிமாவை நம்பியிருந்தேன். இது 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய வாளின் நகல், முனை மழுங்கல். அலகு 107 செ.மீ., மொத்தம் 124. அக்குளிலிருந்து உள்ளங்கால் வரை எவ்வளவோ அவ்வளவு நீளம் வேண்டும் என்பது 1610இல் இத்தாலிய வாள்வித்தை ஆசான் கப்போ ஃபெர்ரோ சொன்ன கணக்கு. எனக்கு அது 126. சரி, பொருத்தம்தான்.

விரல்மேல் கிடத்திப் பார்த்தால், கைப்பிடிக்கு முன்னால் உள்ள குறுக்குக் கம்பியிலிருந்து அலகுப் பக்கம் 11 செ.மீ. தள்ளிச் சமநிலை கிடைக்கிறது.

முதல் வாரம் சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடித்தேன். கை நீட்டி நின்றால் ஒரு நிமிஷத்துக்குள் முனை தரையைப் பார்க்கும். அப்புறம்தான் ஆள்காட்டி விரலைக் குறுக்குக் கம்பிக்கு முன்னால் விட்டு, கூர் இல்லாத அடி அலகைச் சுற்றிப் பிடித்தேன். அதே வாள், அதே எடை; ஆனால் மணிக்கட்டு பட்ட பாடு பாதியாகக் குறைந்தது. என்ன, அந்த இடத்து விளிம்பைச் செய்தவர்கள் சரியாக மழுக்கவில்லை. மூன்றாம் நாளே விரலில் கொப்புளம். எமரி ஷீட் போட்டுத் தேய்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சமநிலை இன்னும் கைப்பக்கம் வந்தால் நல்லதுதானே என்று, தூண்டில் ஈயக்குண்டு 100 கிராமைக் கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழில் டேப்பால் சுற்றினேன். 11 செ.மீ. 9 ஆனது. ஒரே சந்தோஷம். நிலைப்படியில் நூல் கட்டித் தொங்கவிட்ட சாவி வளையத்துக்குள் குத்திப் பார்த்தேன். முன்பு பத்துக்கு ஆறு நுழையும், இப்போது மூன்று. வளையத்தின் அடியில் சுற்றி மறுபக்கம் கொண்டுபோனால், முனை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது. யோசித்தால் நியாயம்தான்: அலகில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, திருப்ப வேண்டிய பாரம்தான் குமிழ்ப் பக்கமும் ஏறியிருக்கிறது. விரல்மேல் கிடத்திப் பார்க்கும் சோதனை இதைக் காட்டவே காட்டாது.

டேப்பைப் பிய்த்துவிட்டேன். குமிழில் பசை பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

கைக்காப்பு வேறு லொடலொடத்தது. குமிழைக் கழற்றி ஒரு தோல் வாஷர் வைத்து முறுக்கியதில் சத்தம் நின்றது. நேற்று பத்துக்கு ஏழு. இடது கையில் ஒன்றுகூட இல்லை.