ஆறு இலக்கக் குறியீடும் பறிபோன பத்துப் புள்ளிகளும்

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற வழிசெய்யும் திறன்சார் விசாக்களான 189, மாநிலப் பரிந்துரையோடு கூடிய 190 ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எல்லோரையும் போல நானும் முதலில் புள்ளிக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத் தேர்வில் உயர்நிலை மதிப்பெண்ணுக்கு 20, மனைவியின் ஆங்கிலத் தகுதிக்கு 5, எட்டு ஆண்டுகளைத் தாண்டிய பணி அனுபவத்துக்கு 15 என்று கூட்டினால் 85 வந்தது. படிப்பையும் பணி அனுபவத்தையும் ஆராய்ந்து தரப்படும் திறன் மதிப்பீட்டு முடிவு கைக்கு வந்தபோது அதே கணக்கு 75 ஆகச் சுருங்கியிருந்தது. என் வயதோ, படிப்போ, வேலையோ மாறிவிடவில்லை. படித்த படிப்பும் தேர்ந்தெடுத்த தொழில் குறியீடும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே பத்துப் புள்ளிகளைக் கொண்டுபோயிற்று.

விசாவின் அடிப்படை விதிகள் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆன்ஸ்கோ எனப்படும் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. அந்தத் தொழில் நீண்டகாலப் பட்டியலில் இருக்கிறதா, குறுகியகாலப் பட்டியலில் இருக்கிறதா என்பது குறியீட்டைப் பொறுத்தது; 189 விசாவுக்கு நீண்டகாலப் பட்டியலில் உள்ள தொழில்கள் மட்டுமே செல்லும். மதிப்பிடும் அமைப்பு எது என்பதையும் குறியீடே தீர்மானிக்கிறது; கணினித் துறைக்கு ஏசிஎஸ் எனப்படும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, இன்னும் பலவற்றுக்கு வெட்டாசெஸ் என்று அமைப்புகள் வேறுபடுகின்றன. இவை இரண்டும் பலருக்குத் தெரியும். பணி அனுபவத்தில் எத்தனை ஆண்டுகள் புள்ளிக்குக் கணக்கில் வரும் என்பதும் அதே குறியீட்டில்தான் தொங்குகிறது என்பதை மதிப்பீட்டுக் கடிதத்தைப் பார்த்த பிறகே பெரும்பாலோர் உணர்கிறார்கள்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்; செய்தது முழுக்க மென்பொருள் வேலை. தேர்ந்தெடுத்த குறியீடு 261313, அதாவது சாஃப்ட்வேர் எஞ்சினியர். பட்டம் கணினித் துறை சார்ந்ததாகவும் குறியீட்டுக்கு நெருக்கமானதாகவும் இருந்தால் பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவம் பிடித்துக்கொள்ளப்படும்; கணினிப் பாடங்கள் போதுமான அளவு இருந்தும் குறியீட்டோடு நெருக்கம் இல்லையென்றால் நான்கு ஆண்டுகள் போகும். பிடித்தம் போக மிஞ்சும் காலம் மட்டுமே 'திறன்மிக்க பணி' என்று கருதப்படும். முடிவுக் கடிதத்தில் இது ஒரே ஒரு வரியாகத்தான் வரும்: இன்ன ஆண்டு, இன்ன மாதத்துக்குப் பிறகான பணி தகுந்த திறன் நிலையில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. அந்த மாதத்துக்கு முந்தைய அனுபவம் புள்ளிக் கணக்கில் செல்லாக்காசு. எட்டரை ஆண்டுகளில் நான்கு போக நாலரை. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட அனுபவத்துக்கு 5 புள்ளிகள்.

இந்த விதி மதிப்பீட்டு அமைப்பின் வழிகாட்டிக் கையேட்டில் வெளிப்படையாகவே இருக்கிறது. நான் பணம் கட்டி அமர்த்திய கன்சல்டன்ட் இதைப் பற்றி முதலில் மூச்சுவிடவில்லை. நானே கையேட்டைக் காட்டிக் கேட்டபோது அவர் தந்த யோசனை வேறு விதமாக இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் பட்டத்துக்கு நெருக்கமானது 263111, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் அண்ட் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் என்பதால், அந்தக் குறியீட்டில் போனால் பிடித்தம் இரண்டு ஆண்டோடு நின்றுவிடும், அனுபவத்துக்கு 10 புள்ளிகள் கிடைக்கும், பணிக் கடிதத்தில் நெட்வொர்க் வேலை செய்ததாக எழுதிக்கொள்ளலாம் என்றார். ரவுட்டரைக் கையால் தொட்டிராத ஒருவனுக்கு அப்படி ஒரு கடிதம் தயாராக இருந்தது! வேறு யாருக்கோ எழுதப்பட்ட மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய பெயர் அப்படியே கிடந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். விசா விண்ணப்பத்தில் பொய்த் தகவலோ போலி ஆவணமோ கண்டுபிடிக்கப்பட்டால் 4020 என்ற பொதுநல விதியின்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, அந்த விதி பொருந்தும் விசாக்கள் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்காமல் போகலாம். கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்தார் என்ற சமாதானம் அங்கே எடுபடாது, பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற முகவர்களுக்கு, முகவர் பதிவு ஆணையமான மாராவின் பதிவு எண் உண்டு. அதைப் பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். என் கன்சல்டன்டிடம் அந்த எண்ணைக் கேட்டேன். பேச்சு வேறு திசைக்குப் போயிற்று. கட்டிய முன்பணம் திரும்பவில்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் நானே செய்தேன்.

ஆனால் உண்மையான தலைவலி முந்தைய நிறுவனத்தின் மனிதவளத் துறையில்தான் இருந்தது. நம் ஊர் மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கும் பதவிப் பெயர்கள் ஆன்ஸ்கோவின் எந்தத் தொழிலோடும் ஒட்டாதவை. என் பணி நியமனக் கடிதத்தில் இருந்தது 'அசோசியேட் கன்சல்டன்ட்'. மதிப்பீட்டாளர் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, அன்றாடம் செய்த பணிகளை. ஆகவே நிறுவனத்தின் தலைப்புத் தாளில், வேலைக்குச் சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, செய்த பணிகள் என அனைத்தும் அடங்கிய கடிதம் வேண்டும். முந்தைய நிறுவனம் தந்தது பெயர், பணியாளர் எண், பதவி, தேதிகள் மட்டும் கொண்ட நாலு வரிச் சான்றிதழ். பணி விவரம் சேர்த்துத் தரும்படி அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு டிக்கெட் எண் வந்தது, பிறகு டிக்கெட் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. நேரில் போனபோது, விலகியவர்களுக்குப் பணி விவரம் தருவது நிறுவனக் கொள்கையில் இல்லை என்று வரவேற்பறையிலேயே சொல்லி அனுப்பினார்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், நோட்டீஸ் காலம் முடிவதற்குள், அடையாள அட்டை கழுத்தில் இருக்கும்போதே, அந்தக் கடிதத்தை வாங்கிவிடுவது நல்லது.

நிறுவனம் கைவிரித்தால், உடன் பணியாற்றியவரின் பிரமாணப் பத்திரம் ஏற்கப்படும். என் முன்னாள் டீம் லீட் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். பணிகளை அவரே தம் சொற்களில் எழுதினார். ஆன்ஸ்கோவில் உள்ள பணிப் பட்டியலை வரிக்கு வரி நகலெடுத்து ஒட்டுவது சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால் இது முக்கியம். நாங்கள் உருவாக்கிய பில்லிங் அமைப்பில் எந்தப் பகுதியின் வடிவமைப்பு என்னுடையது, எந்த நிரல்களை நான் எழுதினேன், சோதனையில் என் பங்கு என்ன என்று திட்டவட்டமாக எழுதினார். எங்களுக்குள் இருந்த பணி உறவும் அதில் தெளிவாக இருந்தது.

நோட்டரி அலுவலகத்தில் அது கெட்டது. தட்டச்சு செய்தவர் முந்தைய வாரத் தேதியை அப்படியே விட்டுவிட்டார். முத்திரைத் தாளின் பின்புறம் விற்பனையாளர் போட்டிருந்த தேதியோ அதற்குப் பிந்தையது. வாங்காத தாளில் கையெழுத்திட்டதாக ஒரு பத்திரம்! 'இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டே நோட்டரி முத்திரையை எடுத்துவிட்டார். நான் தடுத்து, புதுத் தாள் வாங்கி, திரும்பத் தட்டச்சு செய்ய வைத்தேன். 'என் முன்னிலையில் உறுதிமொழி அளிக்கப்பட்டது' என்ற பொருள்தரும் ஆங்கில வாசகம் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் மதிப்பீட்டு அமைப்பு ஏற்காது என்பதையும் அங்கேயே சொல்லி எழுதி வாங்கினேன். சம்பளத்துக்குச் சான்றாக ஃபார்ம் 16, பே-ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்தேன். அவை எளிதில் கிடைத்தன. ஆங்கிலத் தேர்வு சிக்கலின்றி முடிந்தது.

மனைவியின் தொழிலைக் கொண்டு 5-ஐ 10 ஆக்கலாம் என்றும் முயன்றோம். வாழ்க்கைத் துணைக்கு முழுப் புள்ளி கிடைக்க அவரும் 45 வயதுக்குள் இருந்து, ஆங்கிலத் தகுதியும் தனித் திறன் மதிப்பீடும் பெற்றிருக்க வேண்டும். அவருடைய தொழிலும் என் தொழில் உள்ள அதே பட்டியலில் இடம்பெற வேண்டும். மனைவி ஆள்சேர்ப்புத் துறையில் இருப்பவர். அந்தத் தொழில் குறுகியகாலப் பட்டியலில் இருந்ததால் 189-க்கு அது உதவவில்லை. மதிப்பீட்டுக் கட்டணம் கட்டும் முன்பே பட்டியலைப் பார்த்தது எங்களுக்கு மிச்சம்.

65 புள்ளி என்பது வாசலுக்குள் நுழைய மட்டுமே. மென்பொருள் குறியீடுகளுக்கு அழைப்பு அதைவிட மிக மேலேதான் வருகிறது. 261312 (டெவலப்பர் புரோகிராமர்) குறியீட்டிலிருந்து 261313-க்கு மாறினால் வரிசை குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். அழைப்புகளின் உச்சவரம்பு ஆறு இலக்கத்துக்கு அல்ல, 2613 என்ற நான்கு இலக்கக் குழுவுக்கே வகுக்கப்பட்டு வந்தது. ஆகவே இரண்டும் ஒரே வரிசை.

மனிதவளத் துறையில் இழுபட்ட மாதங்களின் விலையை, அழைப்புக்காக முன்கூட்டியே பதியும் இஓஐ என்ற விருப்பப் பதிவைச் செய்த பிறகுதான் கொடுத்தேன். வயதுப் புள்ளி அழைப்பு வரும் நாளின் வயதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 33 நிறைந்ததும் 30 புள்ளி 25 ஆகிவிடும். எனக்குப் பிறந்தநாள் முந்திக்கொண்டது. 75 என்பது 70 ஆயிற்று. சில மாதங்கள் கழித்துக் கணக்கில் வரும் அனுபவம் ஐந்து ஆண்டைத் தொட்டபோது 5 புள்ளி கூடி மீண்டும் 75 ஆனது. நடப்பு வேலையின் முடிவுத் தேதியைக் காலியாக விட்டிருந்ததால் இஓஐ தானாகவே கூட்டிக்கொண்டது. ஆனால் புள்ளி மாறிய நாளே வரிசையின் புதிய தேதியாகிவிடும் என்பதால், முன்பு காத்திருந்த காலம் கணக்கில் வராது. மாநிலப் பரிந்துரையின் 5 புள்ளியோடு 80 ஆகி, 190-க்கு அழைப்பு வந்தது.

அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாட்கள்தான். மதிப்பீட்டுக்குப் பிறகும் அதே வேலையில் தொடர்ந்ததற்கு எனக்குப் புதிய சான்று தேவைப்பட்டது, அந்த மாதங்கள்தான் ஐந்தாம் ஆண்டை நிறைவு செய்தன என்பதால். தற்போதைய நிறுவனத்தின் மனிதவள அலுவலர் பணி விவரத்தோடு கூடிய கடிதத்தைக் கேட்ட அன்று மாலையே கையெழுத்திட்டுக் கொடுத்தார். காவல்துறைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் தடையின்றி முடிந்தன, விசாவும் கிடைத்துவிட்டது. இப்போது தொடங்குபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆன்ஸ்கோவுக்கு மாற்றாக ஆஸ்கா என்ற புதிய வகைப்பாட்டை ஆஸ்திரேலியப் புள்ளியியல் அலுவலகம் 2024 டிசம்பரில் வெளியிட்டிருக்கிறது, ஆகவே உங்கள் விசாவின் பட்டியல் எந்த வகைப்பாட்டின் எந்தப் பதிப்பைக் குறிப்பிடுகிறது என்று பார்த்த பிறகே பணிக் கடிதத்தை எழுத வையுங்கள்.