கறுத்த விதை மிளகாய்

மார்கழி (டிசம்பர்) 6

மழை விட்டிருக்கிறது. காலையில் சாடிகளின் அடியில் ஊதாப் பூக்கள் காம்போடு விழுந்து கிடந்தன. பூக்கள் வாடியிருக்கவில்லை, பூச்சி அரித்த அடையாளமும் இல்லை. காம்பு கிளையோடு சேரும் கணு மஞ்சளித்து, அங்கேயே கழன்றிருக்கின்றன. இரவின் சூடு தணியாதவரை இந்த ரொக்கோட்டோ மிளகாய்ச் செடி பிஞ்சு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி 7

இரவு முழுவதும் புழுக்கமாக இருந்தது. அம்மா கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்தார்.

மார்கழி 11

பக்கத்து வளவு அண்ணை வேலியருகே நின்று, "மிளகாய்க்கு என்னத்துக்குப் பிள்ளை கிடுகுப் பந்தல்?" என்று கேட்டார். அவருடைய தோட்டத்தில் எம்.ஐ.2 மிளகாய் திறந்த வெயிலில் தளதளவென்று நிற்கிறது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உலர்வலயத்துக்கென்று தேர்ந்தெடுத்த இனம் அது. அவருடைய கேள்வி நியாயமானதுதான். ரொக்கோட்டோ அப்படிப்பட்ட செடி அல்ல. பெருவிலும் பொலிவியாவிலும் அந்தீஸ் மலைச் சரிவுகளில், கடல் மட்டத்திலிருந்து 1500 மீற்றருக்கும் மேலே, பகலில் இதமான வெயிலும் இரவில் நல்ல குளிரும் உள்ள இடங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் வளர்த்து வந்த மிளகாய் இது. போர்த்துக்கேயர் மற்ற மிளகாய்களைக் கப்பலில் ஏற்றி நம்முடைய கரைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த காலத்திலும், பின்னர் நெடுங்காலமும், இந்த இனம் தன்னுடைய மலையை விட்டு அதிகம் இறங்கவில்லை. 1799இல் ரூயிஸ், பவோன் என்ற இரண்டு ஸ்பானிய தாவரவியலாளர்கள் இதற்கு அறிவியற் பெயர் இட்டபோது, இலையிலும் தண்டிலும் உள்ள மென்மயிரையே அடையாளமாகக் கொண்டார்கள். இன்று காலை வெயில் சாய்வாக விழுந்தபோது அந்த மயிர் இலையோரத்தில் வெள்ளியாகத் தெரிந்தது.

அண்ணை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப இது இஞ்ச காய்க்குமோ?" என்றார். தை மாதத்துக்குள் பூ நின்றால் காய்க்கும் என்று சொன்னேன்.

மார்கழி 12

வெளியில் உள்ள வெப்பமானி விடிய ஐந்து மணிக்கு 24 பாகையைக் காட்டியது, இது போதாது.

மார்கழி 20

சாடிகளை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். அங்கே காலை வெயில் மட்டும் விழுகிறது. பத்து மணிக்குப் பிறகு வேம்பின் நிழல் வந்துவிடுகிறது. பிளாஸ்ரிக் வாளிகளில் இருந்த செடிகளை மண்சாடிகளுக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் சுட்ட மண்ணின் மேற்பரப்பால் நீர் கசிந்து ஆவியாகும்போது வேரடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆயினும் மழைக்காலத்துக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இப்போது அதனால் பெரிய பயன் இல்லை. வாடைக்காற்று உலர்ந்து வீசத் தொடங்கினால்தான் சாடியில் சுற்றிய ஈரச்சாக்கு உண்மையாகவே குளிரும். அந்தக் காற்றுக்காகத்தான் இந்த வீட்டில் எல்லாரும் காத்திருக்கிறோம். அம்மாவும் காற்று வந்தால் நித்திரை வரும் என்கிறார்.

வேரடிக்கு வைக்கோல் பரப்பினேன். மாட்டெருவை இனி நிறுத்த வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

மார்கழி 24

மாமா நுவரெலியாவிலிருந்து பேசினார். அங்கே இரவில் கம்பளி இல்லாமல் இருக்க முடியவில்லையாம். அவருடைய வீட்டுப் பின்புறத்தில் உள்ள தாய்ச்செடி மதிலுக்கு மேலே போய்விட்டது என்றும், இது ஓராண்டில் பட்டுப்போகும் செடி அல்ல, அடிமரம் கட்டையாகிப் பல ஆண்டுகள் நின்று காய்க்கும் என்றும் சொன்னார். அவர் அனுப்பிய ஒரு பழத்தின் விதைகளிலிருந்துதான் என்னிடமுள்ள இரண்டு செடிகளும் வந்தன. தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் வாழவில்லை. தம்பியிடம் நோயைப் பற்றி ஒன்றும் பேசாமல், பனி விழுந்ததா, முட்டைக்கோசுக்கு என்ன விலை, செடியில் இப்போது பழம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ள, பழுத்ததுக்கு அப்புறந்தான் பறிக்கணுமாம். காயா பறிச்சா அந்த வாசம் வராதாம்" என்றார்.

தை 3

வாடை வந்துவிட்டது. விடிய வெப்பமானியில் 20 பாகை இருந்தது. முற்றத்தில் பனி இறங்கி, சாடிகளின் விளிம்பு நனைந்திருந்தது.

தை 4

காலை எட்டரை மணிக்கு மகரந்தம் உதிரும் நிலையில் இருந்தது. ஊதா இதழ்களின் நடுவே மகரந்தப்பைகள் விரிந்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. பல மிளகாய் இனங்கள் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ரொக்கோட்டோவுக்கு இன்னொரு செடியின் மகரந்தம் கிடைத்தால் பிஞ்சு உறுதியாக நிற்கிறது. ஆகவே சிறிய தூரிகையால் முதற்செடியின் மாவை எடுத்து இரண்டாவது செடியின் சூல்முடியிலும், அங்கிருந்து எடுத்து இங்கேயும் தடவினேன். கருவண்டு ஒன்று எனக்கு முன்னே வந்து பூவைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனது. அதனுடைய கை என்னுடையதைவிடத் தேர்ந்தது. அண்ணையின் எம்.ஐ.2 பூக்களிலிருந்து அது எவ்வளவு மாவைக் கொண்டுவந்தாலும் இங்கே கலப்பு நேராது; மற்ற வளர்ப்பு மிளகாய் இனங்களோடு இது சேர்ந்து விதை வைப்பதில்லை.

தை 5

மீண்டும் தடவினேன். அம்மாவின் வாய் வெந்திருக்கிறது. உப்புநீரால் கொப்பளிக்கவே கண் கலங்குகிறது.

தை 10

நின்றுவிட்டது. பூவிதழ் காய்ந்து சுருங்கிக் கீழே விழ, காம்பு விழாமல் தடித்து, நுனியில் மிளகளவு பச்சைப் பிஞ்சு தெரிகிறது. இரண்டாவது செடியிலும் பிஞ்சுகள் இருக்கின்றன. எண்ணக்கூடாது என்று அம்மா சொன்னதால் நான் எண்ணவில்லை.

தை (ஜனவரி) 15

பொங்கல் பானையை முற்றத்தில் வைத்தேன். அம்மா நாற்காலியில் இருந்தபடி பால் பொங்குவதைப் பார்த்தார். சர்க்கரைப் பொங்கல் ஆறிய பிறகு இரண்டு கரண்டி சாப்பிட்டார். இனிப்பு வாயை எரிக்கவில்லை என்றார். அவர் சாப்பிட்டதைப் பார்த்ததும் எனக்குப் பசி எடுத்தது.

தை 23

மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிவிட்டோம். நாங்கள் இல்லாத நாட்களில் அண்ணையின் மனைவி தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஊற்றுவதற்கு முன் மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்கும்படி சொல்லியிருந்தேன். அக்கா அப்படியே செய்திருக்கிறார். ஒரு நாள் காய்ந்து, அடுத்த நாள் வெள்ளமாக ஊற்றினால் செடிக்குச் சுண்ணாம்புச்சத்து ஒழுங்காக ஏறாமல் காயின் அடி கறுத்து அழுகும். எந்தக் காயிலும் அந்தக் கறுப்பு இல்லை. அறிக்கை வர இன்னும் நாளாகும்.

மாசி 2

காய்கள் சிறிய தக்காளி அளவுக்கு உருண்டுவிட்டன. தோல் கரும்பச்சையாகப் பளபளக்கிறது. இரவில் நித்திரை வராமல் படித்துக்கொண்டிருந்தேன். மிளகாயின் உறைப்பு விதையில் இருப்பதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் உள்ளே உள்ள வெளிறிய தசையில்தான் அது ஊறுகிறது. அந்தப் பொருள் நாக்கில் படும்போது, 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்புக் கதவு எதுவோ அதுவே திறக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுகூடம் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே உறைப்பு என்பது சுவையே அல்ல. உடல் அதை நெருப்பென்றே எடுத்துக்கொள்கிறது. புண்ணான வாய்க்கு அது எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தேன். வாய்த்தோல் புதிதாக மூடிவர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும், அதற்குள் அடுத்த மருந்து வந்துவிடுகிறது, மறுபடியும் வேகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில நாட்களில் பழம் பழுத்திருக்க வேண்டும். நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கு உறைப்பு இல்லாமல் ஒரு நாளும் சோறு இறங்கியதில்லை.

மாசி 3

காய்கள் நேற்று இருந்தபடியே இருக்கின்றன.

மாசி 9

குரங்குகள் கூட்டமாக வந்து கூரையேறிக் கொய்யாவைச் சூறையாடிவிட்டுப் போயின. மிளகாயைத் தொடவில்லை. ஆனால் கிளிகளுக்கும் மயிலுக்கும் உறைப்புத் தெரியாது. பறவைகளின் நரம்பு இந்தப் பொருளுக்குத் திறப்பதில்லை என்பதால்தான் காட்டு மிளகாயின் விதைகள் அவற்றின் வயிற்றால் ஊரெங்கும் பரவின. பழைய மீன்வலையை நான்கு தடிகளில் கட்டி இரண்டு செடிகளையும் மூடினேன்.

மாசி 17

இன்னும் பச்சை. பிஞ்சு நின்ற நாளிலிருந்து நிறம் மாறும்வரை இந்த இனம் மற்ற மிளகாய்களைவிட மிக நீண்ட காலம் எடுக்கும். இரண்டு மாதமும் அதற்கு மேலும் ஆகும் என்று மாமா சொல்லியிருக்கிறார். பகல் வெப்பம் 31 பாகைக்கு ஏறிவிட்டது. பங்குனி நடுவில் இந்த முற்றம் எப்படிக் கொதிக்கும் என்பதை அறிந்தவளுக்கு ஒவ்வொரு பச்சை நாளும் நெஞ்சில் கனக்கிறது. இரவு சாக்குகளை இரண்டு தடவை நனைத்தேன்.

மாசி 18

அறிக்கை வரவில்லை.

மாசி 25

முதற்செடியின் கீழ்க்கிளைக் காயில், காம்பைச் சுற்றிய தோளில், பச்சை கலங்கிக் கறுப்பாகத் தெரிகிறது. பழுப்பதற்கு முன் பச்சையம் சிதையத் தொடங்கும் அறிகுறி அது. அண்ணை வந்து பார்த்துவிட்டு, பறித்து ஒரு கதலிப்பழத்தோடு பையில் கட்டிவைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்றார். வாழையும் மாவும் தாம் விடும் வாயுவாலேயே தம்மைப் பழுக்கவைப்பவை. மிளகாய் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது அல்ல. முழுப்பச்சையில் பறித்த மிளகாய் பையில் கிடந்து சுருங்குமே தவிர இனிமை ஏறாது. பாதி நிறம் பிடித்ததைப் பறித்தால் நிழலில் மீதி நிறமும் வரும் என்பது உண்மை, ஆனாலும் செடியிலிருந்து இறங்கவேண்டிய சீனி இறங்காமல் போய்விடும். அண்ணை அன்போடு சொன்னார். நான் காத்திருக்கப் போவதாகச் சொன்னேன்.

மாசி 27

கறுப்பினூடே செம்மஞ்சள் கசிந்திருக்கிறது.

பங்குனி 3

பகலில் 34 பாகை. புதிய பூக்கள் எல்லாம் விழுகின்றன, விழட்டும். செடியின் பலம் இருக்கிற காய்களுக்குப் போகட்டும் என்று மொட்டுகளையும் கிள்ளிவிட்டேன். அம்மாவின் உதடு ஆறிவருகிறது. இன்று பருப்பில் தாளித்த வெங்காயத்தைச் சாப்பிட்டார்.

பங்குனி 6

இன்று பறித்தேன். காம்பு வரை சிவந்துவிட்டது. கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி, அம்மாவின் மடியில் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தார். தும்மவில்லை. "ஊரு வாசம்" என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கையுறை போட்டு அரிந்தேன். சதை குடைமிளகாயைப் போல் தடிப்பாக, நீர் ததும்ப இருந்தது. செத்தலாக உலர்த்த முயன்றால் காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும், பச்சையாகவே தின்னவேண்டிய பழம் இது. விதைகள் முற்றிலும் கறுப்பு. பெருவின் அரெக்கிப்பா நகரில் இதைக் குடைந்து, உறைப்பைக் குறைக்க உப்பும் சீனியும் போட்டு அவித்த பின்னரே இறைச்சியால் நிரப்பிச் சுடுகிறார்கள். பொலிவியாவில் தக்காளியோடு கல்லில் வைத்து அரைக்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்தேன்: உள்ளே உள்ள வெளிறிய தசையை முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, சதையை உப்புநீரில் இரண்டு முறை கொதிக்கவைத்து வடித்து, ஒரு தக்காளியோடும் உப்போடும் அம்மியில் அரைத்தேன். சோற்றின் ஓரத்தில் நகக்கண் அளவு வைத்தேன். அம்மா தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எரிகிறதா என்று கேட்டேன். "எரியுது. இன்னுங் கொஞ்சம் வையி" என்றார்.

பங்குனி 7

வாய் பழுதில்லை. இரவு நன்றாக நித்திரை கொண்டார். அறிக்கை வந்துவிட்டதாகக் காலையில் அழைப்பு வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள்.

பங்குனி 8

நாளை இரவு பஸ் எடுக்கிறோம். விதைகளைக் கழுவி நிழலில் காகிதத்தின்மேல் பரப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். இரண்டாவது செடியில் இன்னும் பழுக்காத காய்களும், முக்கால் பங்கு நிறம் பிடித்த ஒரு காயும் நிற்கின்றன. அதை நாங்கள் வரும்வரை பறிக்கக் கூடாது, சாக்கு காலையும் மாலையும் நனைய வேண்டும், வலையின் தென்பக்கத்துக் கட்டு தளர்ந்திருக்கிறது, அதை அண்ணை இறுக்கிவிட வேண்டும். அம்மா அரைத்ததில் மீதியைச் சிறு போத்தலில் போட்டுத் தன்னுடைய பையில் வைக்கச் சொல்கிறார்.